விவரத்தில் இல்லாத கல்

இருபத்து மூன்று வீடுகளை அழிக்கப் பதினொரு பக்கங்கள் போதுமாயிருந்தன. பதினொன்றும் பஸ்மியாவின் கையெழுத்து.

திங்கட்கிழமை பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த கையோடு கூனிமலையடிச் சனம் முழுவதும் சங்கக் கட்டடத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. தலைவர் அபூதாஹிர் மட்டும் கதிரையில் இருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி. கையில் போட்டோக் கொப்பி.

"கூனிமலையடி கிராம விவரம், ரெண்டாயிரத்துப் பன்னெண்டு. தலைப்பு வடிவாத்தான் இரிக்கி," என்றார். "உள்ளுக்கு இரிக்கிறதையும் கேளுங்க. பக்கம் ஏழு. 'இவ்விடம் 2009ஆம் ஆண்டு வரை பற்றைக்காடாக இருந்தது. அதற்கு முன்னர் எவரும் குடியிருக்கவில்லை. பழைய வீட்டு அத்திவாரங்களோ அடக்கஸ்தலங்களோ இல்லை.' கீழ ஒரு போட்டோ, வெறுந்தரை. அதுக்குக் கீழ ஒரு ஒப்பம். ஆர்ர ஒப்பம்?"

எல்லாக் கண்களும் ஒரே பக்கம் திரும்பின.

பஸ்மியா சுவரோடு ஒட்டி நின்றாள். நாற்பத்தொரு வயது. மாதர் சங்கச் செயலாளர். அந்த மலையடியில் படிவம் என்று எது வந்தாலும் நிரப்பிக் கொடுக்கிறவள் அவள்தான்.

"என்ட ஒப்பம்தான்," என்றாள்.

"சத்தமாச் சொல்லுங்க புள்ள. கொழும்புக் கம்பனிக்காரனுக்கும் கேக்கட்டும்."

கம்பனிக்கு மலை வேண்டும். கூனிமலை முழுவதும் கருங்கல். உடைத்து ஏற்றினால் பத்து வருடத்துக்கு லொறி ஓடும். குறுக்கே நின்றவை இருபத்து மூன்று வீடுகள். காணிக் கந்தோரிலிருந்து வந்து ஒட்டிவிட்டுப் போன அறிவித்தல் சொன்னது இவ்வளவுதான்: 1985க்கு முன்னர் அங்கே குடியிருந்ததை ஆதாரத்தோடு காட்டுகிறவர்களுக்கு அனுமதிப்பத்திரம் கிடைக்கும், காட்ட முடியாதவர்கள் இடத்தை விட்டு எழும்ப வேண்டும். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கள விசாரணை. கம்பனி தன் முதலாவது ஆவணமாக இந்தப் பதினொரு பக்கங்களைக் கொடுத்திருந்தது.

இடையில் இரண்டே நாள்.

கிண்ணியா ரோட்டிலிருந்து பிரிந்து மூன்று கட்டை தூரம் கிறவல் பாதை. அது முடிகிற இடத்தில் கூனல் விழுந்த முதுகுபோல மலை. அடிவாரத்தில் பதினேழு முஸ்லிம் வீடுகள், ஆறு வேதக்கார வீடுகள். தகரக்கூரை போட்ட ஒரு பள்ளி, அதைவிடச் சின்னதாக ஒரு மாதா கோயில். மேல்வரிசை வீட்டு முற்றத்தில் நின்றால் திருகோணமலைத் துறைமுகத்துக்குள் நுழைகிற கப்பல் தீப்பெட்டி அளவில் தெரியும். ஆண்கள் மேசன் வேலைக்கும், களப்பில் மீன்பிடிக்கவும் போவார்கள். பெண்கள் கச்சான் கடலை போடுவார்கள்.

வெளியாட்களுக்குத் தெரிந்த விவரம் இது. தெரியாத விவரம், ஜீப் வந்தால் அங்கே என்ன நடக்கும் என்பது.

வளைவில் ஜீப்பின் புழுதி கிளம்பியதும் முதல் வீட்டு நஜ்முன் நிஸா அலுமினியச் சட்டியில் மூன்று தட்டுத் தட்டுவாள். அடுத்த ஐந்து நிமிடத்தில் ஊர் ஏழையாகிவிடும். டீவி கட்டிலுக்கடியில். மோட்டார் சைக்கிள் பற்றைக்குள். கோழிகள் கூடையோடு மலை ஏறிவிடும். நல்ல சட்டை போட்டிருக்கிற பிள்ளைக்குச் சட்டை பறிபோகும். யுத்தம், சுனாமி, வெள்ளம் என்று முப்பது வருடமாக யார் யாரோ வந்து கணக்கெடுத்தார்கள். உள்ளதை உள்ளபடி சொன்னவனுக்கு ஒரு தறப்பாள்கூடக் கிடைக்கவில்லை. இல்லை என்று சொன்னவனுக்கு அரிசியும் வந்தது, பாயும் வந்தது. சனம் பாடத்தைப் பிடித்துக்கொண்டது.

2012இல் வந்தது வீட்டுத்திட்டம். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று. புதிதாகக் குடியேறியவர்களுக்கு முழு வீடு. பழைய குடிகளுக்குத் திருத்த வேலைக்குத் தகரமும் சீமெந்தும் மட்டும். கூனிமலையடிச் சனமோ எழுபதுகளிலேயே அங்கே காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்தவர்கள். தொண்ணூறில் யுத்தத்துக்கு ஓடி, 2009க்குப் பிறகு திரும்பியவர்கள். அசல் பழைய குடிகள். ஒரு கூட்டம் போட்டார்கள். புதிய குடிகள் ஆகிவிடுவதென்று முடிவெடுத்தார்கள். யோசனை சொன்னவர் அபூதாஹிர். கைதூக்காதவர் ஒருவருமில்லை. எழுதியவள் பஸ்மியா.

பழைய அத்திவாரங்களைக் கிண்டி ஓடையில் கொட்டினார்கள். பழைய கிணற்றுக்குப் புதுக் கட்டு எழுந்தது. அதில் நிறுவனத்தின் பெயரும் 2012 என்ற வருடமும் பதிந்தன. ஜீப் வந்தது, பார்த்தது, படம் எடுத்தது. வீடுகளும் வந்தன.

"நடந்தது நடந்துட்டு," என்றார் அபூதாஹிர். "எண்பத்தஞ்சுக்கு முந்தின ஆதாரம் ஆர்ட்ட என்ன இரிக்கி? சொல்லுங்க."

"என்ட பிறப்புப் பத்திரம்," என்றான் பஸ்மியாவின் புருஷன் ஜவ்பர். கிண்ணியாவில் ஆட்டோ ஓட்டுகிறவன்.

"அதுல ரோட்டடிக் கீழூர் விலாசம்தானே. அந்த நாளையில எங்கட இடத்துக்குக் கடதாசியில பேரே இல்ல. வாக்காளர் இடாப்பும் கீழூர். கடிதமும் கீழூர்," என்றார் அபூதாஹிர்.

"மையவாடியில அடக்கினவங்க இரிக்காங்களே?" என்றாள் நஜ்முன் நிஸா.

"தலைமாட்டு மீசான் கட்டையில வருசம் எழுதியா நட்டிரிக்கி? போன கிழமை நட்ட கட்டை எண்டு அவன் சொன்னா என்ன செய்வீங்க?"

திடீரென்று அபூதாஹிர் கதிரையை விட்டு எழும்பினார்.

"மாகிரட் அக்காட பிள்ளைட கல்லு!"

வாசற்படியில் இருந்த மாகிரட் நிமிர்ந்து பார்த்தாள். அறுபத்தாறு வயது. தனி ஆள். எண்பத்து மூன்றில் அவளுடைய மூன்று வயது மகள் றொஷானி மலேரியாவில் போனாள். துறைமுகத்தில் மேசனாக இருந்த புருஷன் றொபேட் ஒரு கருங்கல் பலகையைக் கொண்டுவந்து ஒன்பது நாள் இருந்து எழுத்து வெட்டினான். றொஷானி. 1980–1983. கூனிமலை. மூன்றே வரி. அந்த அடிவாரத்தில் ஊரின் பெயரும் வருடமும் சேர்ந்து இருந்த ஒரே பொருள் அதுதான்.

2012இல் கடைசியாகக் கழற்றப்பட்டதும் அதுதான். மாகிரட் இரண்டு நாள் சம்மதிக்கவில்லை. மூன்றாம் நாள், "இருவத்து மூண்டு வீடு எண்டுறீங்க, எடுங்க. கடைசிப் படமும் எடுத்து முடிஞ்ச அண்டைக்கே திருப்பி வைக்கவேணும்," என்றாள். பஸ்மியா சத்தியம் பண்ணிக் கொடுத்தாள்.

"அந்தக் கல் இனி எங்க?" என்றாள் மாகிரட். "அந்த வருச மாரியில மண் சரிஞ்சு ஓடைக்க இழுத்துக்கொண்டு போயிட்டுது. பஸ்மியாதான் வந்து சொன்னவ. என்ன பிள்ளை?"

"ஓம்," என்றாள் பஸ்மியா.

அது பொய். கல் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் ஒருத்திக்கு மட்டும்.

செவ்வாய்க்கிழமை ஊரே ஓடையில் இறங்கியது. கச்சானுக்கு ஒருத்தியும் போகவில்லை; களப்புக்கு ஒருவனும் போகவில்லை. மழை கண்டு மூன்று மாதமான ஓடை. மண்வெட்டி, இரும்பு அலவாங்கு, கூடை. தாங்களே கொட்டிய பழைய அத்திவாரக் கல்லெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. எழுத்துள்ள கல் மட்டும் வரவில்லை.

"செயலாளர் அம்மா," என்றாள் நஜ்முன் நிஸா, "நீங்களும் ரெண்டு கூடை மண் அள்ளினா எழுதுற விரல் தேய்ஞ்சு போகாது."

பஸ்மியா அள்ளினாள். இல்லாத இடத்தில் இல்லாத கல்லைத் தேடிப் பத்துக் கூடை, இருபது கூடை. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு கூடைக்கும் வாயெடுத்தாள். ஒவ்வொரு கூடைக்கும் யாராவது குறுக்கே வந்தார்கள். அல்லது வந்ததாக அவள் நினைத்துக்கொண்டாள்.

புதன் காலை ஓடை வளைகிற பக்கம் போனாள். அங்கே மாகிரட் முழங்காலில் நின்று வெறுங்கையால் மண்ணைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"இந்த இடத்திலதான் நிண்டிருக்கும் பிள்ளை. வெள்ளம் இங்க வந்துதான் சுழிக்கும்."

"கையெல்லாம் கீறியிருக்கு அக்கா. விடுங்க. பொடியன்மார் கிண்டுவாங்க."

"எனக்கு இது பழக்கம். ஒவ்வொரு மாரி முடியவும் வந்து தேடுறனான்தானே."

பஸ்மியா கூடையைக் கீழே வைத்தாள். "ஒவ்வொரு வருசமுமா?"

"பன்னெண்டு வருசம். தண்ணி கொண்டுபோனதைத் தண்ணிதானே தரவேணும்?"

பஸ்மியா திரும்பி நடந்தாள். பிறகு ஓடினாள்.

வீட்டில் ஜவ்பர் சோற்றுக் கோப்பையோடு இருந்தான்.

"அலவாங்கு எங்க?"

"ஆட்டோவுக்குப் பின்னால கிடக்கு. என்னத்துக்கு?"

"குசினிய உடைக்க."

ஜவ்பர் சிரித்தான். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"அத்திவாரம் போட்ட நேரம்," என்றாள் அவள். "கல்லு குறைவா இருந்திச்சு. நான் டவுனுக்கு, நிறுவனத்துல ஒப்பம் வைக்கப் போயிருந்தனான். திரும்பி வரக்க குடிசைக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருந்த கல்ல மேசன்மார் எடுத்துக் குசினி மூலையில இறக்கிப்போட்டாங்க. பாதிக்குக் கொங்கிறீட்டும் போட்டாச்சு. அடுத்த நாள் இஞ்சினியர் படம் எடுக்க வாறார். கழற்றினா மூலை சரியும். எங்கட வீடு பிந்தும். மேசன் என்ட முகத்தப் பாத்தான். நான் போடுங்க எண்டன்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லல்லையே."

"சொல்லியிருந்தா ரெண்டு பேருக்கு நித்திரை போயிருக்கும்."

முதல் குத்தில் தரைச் சீமெந்து வெடித்தது. ஜவ்பர் தடுக்கவில்லை. நாலாம் குத்தில் அலவாங்கை அவள் கையிலிருந்து வாங்கித் தானே குத்தினான். இரும்பு கல்லில் படுகிற சத்தம் மலையில் மோதி ஓடைக்குப் போனது. ஓடையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் குசினி வாசல் முழுக்கத் தலைகள்.

மாகிரட்டுக்கு வழி விட்டார்கள்.

கல் குப்புறக் கிடந்தது. ஜவ்பரும் இன்னொருவனும் பிடித்துப் புரட்டினார்கள். எழுத்துக்குள்ளெல்லாம் சீமெந்து. மாகிரட் குந்தியிருந்து, கொண்டையிலிருந்த ஊசியைக் கழற்றி, 'றொ'வின் சுழிக்குள் இருந்த சீமெந்தைக் கிண்டினாள். ஒரு எழுத்து முடிய அடுத்தது.

"இது எவ்வளவு காலம் இங்க?"

"அப்ப இருந்தே அக்கா. பன்னெண்டு வருசம்."

"நான் ஓடைக்க நிக்கேக்க எல்லாம் இது இங்கயா?"

"ஓம்."

"இதுக்கு மேல நிண்டா சமைச்சனீங்க?"

பஸ்மியா தரையில் சிதறிய சீமெந்துத் துண்டுகளைப் பொறுக்கினாள்.

"ஒவ்வொரு பெருநாளைக்கும் இந்தக் குசினியில இருந்துதானே எனக்கு வட்டிலப்பம் கொண்டுவந்து தந்தனீங்க?" மாகிரட்டின் குரல் உயரவேயில்லை. "நல்லா இருக்கு பிள்ளை எண்டு சொல்லிச் சொல்லித் திண்டனான்."

அபூதாஹிர் முன்னே வந்தார். "கல்லு கிடைச்சிட்டு! அல்ஹம்துலில்லாஹ், அதப் பாருங்க. நாளைக்கு ஒம்பது மணிக்கு முந்தி இது இருந்த இடத்துல இருக்கோணும். தூக்குங்க."

"அபூதாஹிர் நானா," என்றாள் பஸ்மியா, "கல்லு இப்பிடியே இருக்கட்டும். சீமெந்தும் இருக்கட்டும். உடைச்ச மூலையையும் இதையும் அதிகாரிக்குக் காட்டுவம். நடந்ததச் சொல்லுவம்."

"நடந்ததையா? ஊர்ச்சனம் பொய் சொல்லி வீடு எடுத்த எண்டா?"

"அது உண்மைதானே."

"உண்மை!" அபூதாஹிர் சனத்தைப் பார்த்துச் சிரித்தார். "மலையேறி வந்திரிக்கி உண்மை. புள்ள, உங்கட பேனை செய்தது போதும். நாளைக்கு வாயையாவது மூடிக்கொண்டு இரிங்க."

"கல்லை நான்தான் வைப்பன்," என்றாள் மாகிரட். "உங்கட விசாரணைக்கு இல்ல. அவள்ட தலைமாட்டுக்கு."

அவள்தான் வைத்தாள். றொஷானியை அடக்கிய மரத்தடியில் கல்லை நிறுத்தி, மண் அணைத்து, ஒரு மெழுகுதிரி கொளுத்தி, செபம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். அதோடு விட்டிருக்கலாம். அப்படியே விட்டிருந்தால் இந்தக் கதையின் முடிவு வேறாக இருந்திருக்கக்கூடும்.

ஆனால் நாளைக்கு ஜீப் வருகிறது. ஜீப் வருகிறதென்றால் கூனிமலையடிக்குக் கை சும்மா இருக்காது.

மாகிரட்டின் கதவு சாத்தியதும் ஆட்கள் மரத்தடிக்கு வந்தார்கள். ஒருவன் உளியால் கல்லில் ஒட்டியிருந்த சீமெந்தையெல்லாம் செதுக்கினான். செதுக்கிய இடம் பல்லுப்போல வெளுத்தது.

"சாணியில கரிய குழைச்சுப் பூசுங்க," என்றாள் நஜ்முன் நிஸா. "நூறு வருசக் கல்லு மாதிரி வரும். கிணத்தடிப் பாசியும் கொஞ்சம் கொண்டாங்க."

பூசினார்கள். பாசியை ஒட்டினார்கள். அணைத்த மண்ணின் மேல் சருகைத் தூவினார்கள். நாற்பது வருடக் கல்லை நாற்பது வருடக் கல்லாகக் காட்டுவதற்கு அவ்வளவு வேலை. பஸ்மியா கிட்டப் போனாள். "செயலாளர் வாறா, ஒளிக்க ஏதும் இருந்தாக் குடுங்க," என்று எவனோ சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். அவள் திரும்பி வந்துவிட்டாள்.

வியாழன். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம். வளைவில் புழுதி கிளம்பியது. பழக்கதோஷத்தில் நஜ்முன் நிஸா சட்டியில் மூன்று தட்டுத் தட்டியே விட்டாள்.

விசாரணை அதிகாரி சுகிர்தன் முப்பத்தைந்து வயதுக்காரர். அதிகம் பேசாதவர். கூட வந்தவள் கம்பனியின் சட்டத்தரணி ஷிஃபானா, டவுனைச் சேர்ந்தவள், எல்லாருக்கும் வடிவாகச் சலாம் சொன்னாள். அபூதாஹிர் அவர்களை நேராக அந்த மரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

"பாருங்க சேர். எண்பத்து மூண்டு. ஊர்ர பேரும் இரிக்கி. அண்டைக்கு வெச்ச கல்லு, இண்டு வரைக்கும் அசையல்ல."

சுகிர்தன் குனிந்து மூன்று வரியையும் வாசித்தார். வருடத்தின் மேல் விரலை வைத்தார். அவருடைய முகம் இளகியதைப் பஸ்மியா கண்டாள். ஷிஃபானா கைப்பையிலிருந்து ஒரு டிஷு எடுத்துக் கல்லின் ஓரத்தைத் துடைத்தாள்.

"சேர், பாசி கையோட வருது."

சுகிர்தன் தானும் துடைத்தார். முகர்ந்தார். "சாணி," என்றார். சாணிக்குக் கீழே உளிக்கொத்து வெள்ளை வெளேரென்று தெரிந்தது. சருகைக் காலால் ஒதுக்கினார். ஈரமண்.

"மழைக்கு..." என்று தொடங்கினார் அபூதாஹிர்.

"மூண்டு மாசமா மழை இல்லையே ஐயா."

ஷிஃபானா விவரத்தின் ஏழாம் பக்கத்தை எடுத்து நீட்டினாள். அதே மரம். அதே மலை முதுகு. நடுவே வெறுந்தரை.

பஸ்மியா சனத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள். யாரோ முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள்; உதறிவிட்டாள்.

"சேர், அந்த விவரத்த எழுதினது நான். அது பொய். இந்தக் கல்லு இங்கதான் இருந்தது. படத்துக்காகக் கழற்றினது. என்ட குசினி அத்திவாரத்துக்குள்ள கிடந்தது. நேத்துத்தான் உடைச்சு எடுத்தம். வாங்க, ஓட்டையக் காட்டுறன்."

சுகிர்தன் நிமிர்ந்தார். "வாங்க," என்றார்.

குசினிக் கதவைத் தள்ளினாள். மூலையில் ஓட்டை இல்லை. தரை வழவழவென்று பூசிக்கிடந்தது. மேலே புதுப் பாய். பாயின் மேல் வரிசையாகத் தண்ணீர்க் குடம்.

"விடியச் சுபஹோட, நீ மரத்தடிக்குப் போன நேரம் பாத்துப் பூசினனான்," என்றான் ஜவ்பர், நல்ல பெயர் வாங்கப் போகிறவன்போல. "ஜீப் வருகுதெண்டா உடைஞ்ச வீட்டையா காட்டுற?"

பஸ்மியா பாயை இழுத்தெறிந்தாள். குடம் உருண்டது. அலவாங்கை எடுத்து ஓங்கினாள்.

"வேணாம் அம்மா," என்றார் சுகிர்தன். "உள்ளுக்குக் குழி இருக்கும். அதுக்குள்ள என்ன கல் இருந்ததெண்டு குழி சொல்லுமா?"

"நான் சொல்லுறனே!"

"நீங்கள் சொன்னதுதான் பதினொரு பக்கம் இருக்கு. அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?"

"அப்ப சொன்னது."

"எழுதித் தருவீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க. அது பொய்யெண்டா இந்த வீடுகள் எடுத்ததும் பொய் சொல்லித்தான் எண்டு ஆகும்."

வாசலில் அபூதாஹிரின் தலை வேண்டாம் வேண்டாம் என்று ஆடியது. பஸ்மியா சுகிர்தன் நீட்டிய தாளை வாங்கி, அடுப்படித் திண்டில் வைத்து எழுதினாள். ஒப்பமும் வைத்தாள். அதே ஒப்பம்.

கடைசியாகச் சுகிர்தன் மாகிரட்டிடம் வந்தார். "இந்தக் கல் எப்ப வைச்சதம்மா?"

"நேத்துப் பின்னேரம்."

"அதுக்கு முதல்?"

"எண்பத்து மூண்டு, மாசி மாசம். அவர்தான் வைச்சவர். நான் எழும்பேலாமப் படுத்திருந்தனான்."

இரண்டையும் எழுதிக்கொண்டார். ஜீப்பில் ஏறும்போது பஸ்மியாவைக் கூப்பிட்டார். "நான் உங்களை நம்புறன். ஆனா கல்லில சாணி இருந்ததையும் நான் எழுதத்தானே வேணும்?"

ஆறு கிழமையில் முடிவு வந்தது. 1985க்கு முந்திய குடியிருப்பு நிரூபிக்கப்படவில்லை. இருபத்து மூன்று குடும்பங்களும் ஆறு மாதத்துக்குள் எழும்ப வேண்டும். அடுத்த கிழமை இன்னொரு கடிதம்: வீட்டுத்திட்டத்தில் பொய்த் தகவல் கொடுத்தது பற்றி மாதர் சங்கச் செயலாளர் விளக்கம் தரவேண்டும். குடியிருக்கவில்லை என்று சொன்னதற்காகக் காணி போனது. குடியிருந்தோம் என்று சொன்னதற்காக வழக்கு வருகிறது.

அதற்குப் பிறகு பஸ்மியாவிடம் எவரும் படிவம் கொண்டுவரவில்லை. கிணற்றடிக்கு அவள் போனால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அபூதாஹிர் கிண்ணியாவில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் காணி பார்க்கத் தொடங்கியிருந்தார். கம்பனியின் அளவையாளர்கள் வந்து பாறைகளுக்கு வெள்ளைப் பெயின்டால் இலக்கம் போட்டுக்கொண்டு போனார்கள். மரத்தடியில் நின்ற கல்லையும் ஒரு பாறையாகவே கணக்கெடுத்தார்கள். றொஷானி என்ற பெயருக்கு மேல் நாற்பத்தேழு.

அதைக் கண்ட அன்றுதான் மாகிரட் பஸ்மியாவின் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். கல் எடுத்த நாளுக்குப் பிறகு முதல் தடவை.

"ஒரு கடிதம் எழுதவேணும். பிள்ளைய எடுத்துக்கொண்டுபோய் டவுன் சேமக்காலையில அடக்கம் பண்ண அனுமதி கேட்டு."

"நானா அக்கா?"

"எனக்கு எழுத வராது. இங்க எழுதத் தெரிஞ்ச ஆள் நீங்கதானே." மாகிரட் கதிரையில் இருக்கவில்லை. "இந்தமுறை உள்ளதை எழுதுங்க."

எழுதினாள். காய்ச்சல், மூன்று வயது, ஒன்பது நாள் வெட்டிய எழுத்து, பன்னிரண்டு வருடம் தன் குசினி. எல்லாம் எழுதினாள்.

பதில் வர ஒரு மாதம் எடுத்தது. மாகிரட் உறையைப் பிரிக்காமலே கொண்டுவந்து நீட்டினாள். பஸ்மியா பிரித்தாள். நாலு வரி. கண் அதிலேயே நின்றது.

"என்ன எழுதியிருக்கு?"

வருத்தப்படுகிறார்கள் அக்கா என்று சொல்லலாம். இன்னும் முடிவாகவில்லையாம் என்று சொல்லலாம். வாய்க்கு நல்ல பழக்கமுள்ள வேலை. மாகிரட் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பஸ்மியா வாசித்தாள். "'2012ஆம் ஆண்டின் கிராம விவரம், பக்கம் ஏழின்படி, மேற்படி இடத்தில் அடக்கஸ்தலம் எதுவும் இல்லை. ஆகவே அகற்றுவதற்கான அனுமதி என்ற கேள்வி எழவில்லை.'"

கோழி ஒன்று முற்றத்தைக் குறுக்கே கடந்து போனது. மாகிரட் அதைப் பார்த்தாள்.

"அப்பிடியெண்டா?"

"அங்க ஒரு பிள்ளையும் இல்லையாம் அக்கா. அதால அனுமதி தேவையில்லையாம்."

"இல்லாத பிள்ளைய நாங்கள் எடுத்தா ஆரும் மறிக்க மாட்டாங்கதானே?"

"மறிக்க மாட்டாங்க."

மாகிரட் சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள். "அப்ப எழும்புங்க. அலவாங்கைக் கொண்டுவாங்க. நீங்கதான் கிண்டவேணும்."

அலவாங்கு குசினிக் கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்தது. அதன் நுனியில் பழைய சீமெந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.